மருந்து போகும் வழி

நம் வீடுகளில் வயிற்று வலிக்குப் பெரும்பாலும் ஒரே பெயர்தான்: வாயு. தொப்புளைச் சுற்றிப் பிசைந்தால் வாயு, விலாவில் குத்தினால் வாயு, சாப்பாடு பிடிக்காவிட்டாலும் வாயு. ஒரு டம்ளர் ஓமத் தண்ணி, வயிற்றில் கொஞ்சம் கோடாலித் தைலம், அதற்கும் அடங்காவிட்டால் இரண்டு பெனடோல். பல நேரங்களில் வலி அடங்கியும் விடுகிறது. அந்தப் பழக்கத்தில்தான், அடங்கக் கூடாத ஒரு வலி அடங்கும்போதும் நாம் நிம்மதியடைகிறோம்.

என் அப்பாவுக்கு வயது 66. முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டியவர். இப்போது சுங்கை பட்டாணியில் அம்மாவோடும் தம்பி குடும்பத்தோடும் இருக்கிறார். பத்து ஆண்டுகளாக இனிப்பு நீர் உண்டு. போன ஆண்டு ஒரு வியாழக்கிழமை மதியம் தொப்புளைச் சுற்றி வலி என்றார். வெள்ளிக்கிழமை அது வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கியது. தம்பி கிளினிக்குக்குக் கூப்பிட்டான். "அதெல்லாம் ஒன்னும் இல்லடா, வாயுதான்" என்று சொல்லிவிட்டார். அன்று இரவு பத்து மணிக்குமேல் வலி சட்டென்று குறைந்தது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தூங்கப் போனாராம்.

வலி குறைந்த அந்த நேரத்தில்தான் அவருடைய குடல்வால் வெடித்திருக்கிறது.

குடல்வால் என்பது பெருங்குடல் தொடங்கும் இடத்தில் விரல் போலத் தொங்கும் ஒரு சிறு குழாய். அதன் வாய் அடைபட்டால் உள்ளே கிருமி பெருகி, சீழ் கட்டி, பலூன் மாதிரி உப்பும். உப்பும்போது வலிக்கும். கிழிந்ததும் உள்ளிருந்த அழுத்தம் போய்விடும், வலியும் சற்று நேரம் குறையும். ஆனால் அதற்குள் இருந்தவை இப்போது வயிற்றுக்குள் பரவ ஆரம்பித்திருக்கும். சனிக்கிழமை காலையில் அப்பாவின் வயிறு பலகை போல இறுகியிருந்தது. உடம்பு நடுங்கியது. தம்பி அவரை அரசாங்க மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் கோலாலம்பூரிலிருந்து காரை எடுத்தேன். போய்ச் சேர்வதற்குள் அவரை அறுவை அரங்குக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

அப்பாவின் வயிற்றைத் திறந்து, குடல்வாலை அகற்றி, சீழை உறிஞ்சி எடுத்து, இளஞ்சூடான உப்பு நீரால் லிட்டர் கணக்கில் கழுவினார்கள். வெளியே வந்தபோது கையில் டிரிப், மூக்கில் ஒரு குழாய், வயிற்றின் பக்கத்திலிருந்து இன்னொரு குழாய். அந்த மூன்றாவது குழாய் ஒரு சிறு பையில் போய் முடிந்தது. அதில் கலங்கிய சிவப்பாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா மறுநாள் முழுக்க அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அறுவை மருத்துவர் வந்தார். மலாய்க்கார இளம்பெண். அம்மா தோட்டத்தில் கற்றுக்கொண்ட மலாயில் அவரிடம் கேட்டார்: "டாக்டர், புண்ணு வயித்துல இருக்கு. மருந்து கையில ஏறுது. கையிலேர்ந்து அது எப்ப வயித்துக்குப் போய்ச் சேரும்? அதான் வயித்துலயே ஒரு குழாய் இருக்கே, அதுலயே மருந்தை உள்ள விட்டா என்ன?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனத்திலும் அதே கேள்விதான் இருந்தது. மருத்துவரும் சிரிக்கவில்லை. "மக்சிக், ரொம்ப நாளாக டாக்டர்களே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது" என்றார். ஐந்து நிமிடம் நின்று விளக்கினார். பேட்டி எடுப்பதே என் தொழில் என்பதால் அந்த ஐந்து நிமிடத்தோடு விட மனமில்லை. அப்பா தேறிய பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

முதலில் வயிற்றின் உள்ளமைப்பு. குடல், கல்லீரல், இரைப்பை எல்லாவற்றையும் போர்த்தி, வயிற்றுச் சுவரின் உட்புறத்தையும் மூடிய மெல்லிய ஒரு சவ்வு இருக்கிறது. பெரிட்டோனியம் என்பார்கள். மடித்து மடித்துக் கிடக்கும் அதை விரித்தால் பெரியவர் ஒருவருடைய மேல்தோலின் பரப்பளவுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்குமாம். அதாவது ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர். அப்பாவின் சீழ் பரவியது இந்தச் சவ்வின்மேல்தான்.

இந்தச் சவ்வு நெடுக நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஆகவே கையில் ஏற்றும் மருந்து நிமிடக் கணக்கில் வயிற்றுக்கு வந்துவிடுகிறது. அதோடு கிருமிகள் வயிற்றில் மட்டும் நிற்பதில்லை, இரத்தத்திலும் கலக்கத் தொடங்கியிருக்கும். இரத்தத்தில் போகும் மருந்து இரண்டு இடத்தையும் பார்த்துக்கொள்ளும். அப்பாவுக்கு இரண்டு வகை ஆன்டிபயோடிக் ஏறின. ஒன்று செஃப்யூரோக்சைம், இன்னொன்று மெட்ரோனிடசோல். குடலில் காற்றில்லாமலேயே வாழும் கிருமிக் கூட்டம் ஒன்று உண்டு. அதை முதல் மருந்து சரியாகத் தொடாது, இரண்டாவது மருந்துதான் கொல்லும்.

இரத்தம் போகாத இடத்துக்கு மட்டும் இந்த மருந்து போகாது. சீழ்க்கட்டிக்குள் இரத்தக் குழாய் இல்லை. சுற்றிலும் சுவர் எழுப்பிக்கொண்டு, உள்ளே புளித்துப்போய், காற்றில்லாமல் கிடக்கும் குட்டை அது. ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகளைக் கொண்டுபோய் அதற்குள்ளேயே விட்டாலும், அந்தப் புளிப்பிலும் காற்றின்மையிலும் அவற்றின் வீரியம் பெரிதும் குறைந்துவிடும். ஈப்போவைத் தாண்டி மலைகளுக்கிடையே நெடுஞ்சாலை வளையும் இடங்களில் காரில் வானொலி கரகரக்கும். மலை மறைக்கும் இடத்தில் அறிவிப்பாளர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் பயனில்லை. கார் மலையைத் தாண்டி வரவேண்டும். வயிற்றிலும் அப்படித்தான், முதலில் சீழை வெளியேற்ற வேண்டும்.

ஆன்டிபயோடிக் வருவதற்கு முன்பே அறுவை மருத்துவர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். 1902 ஜூன் மாதம் 26-ஆம் தேதி இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா நடக்க இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, குடல்வாலைச் சுற்றிக் கட்டியிருந்த சீழுக்காக அவருக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. செய்தவர் பிரெடரிக் டிரீவ்ஸ். அவர் குடல்வாலை வெட்டி எடுக்கக்கூட இல்லை. சீழுக்கு வழி வெட்டி வெளியேற்றினார், அவ்வளவுதான். மன்னர் பிழைத்தார், ஆகஸ்டு 9-ஆம் தேதி முடிசூடிக்கொண்டார். அப்போது ஊசியிலோ மாத்திரையிலோ எந்த ஆன்டிபயோடிக்கும் உலகில் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கைவிலங்கு, பூட்டிய பெட்டி எதிலிருந்தும் தப்பித்துக் காட்டி உலகப் புகழ் பெற்ற மாயாஜாலக் கலைஞர் ஹாரி ஹூடினி, 1926 அக்டோபரில் காய்ச்சலோடும் வயிற்று வலியோடும் மேடை ஏறினார். அறுவை சிகிச்சை நடந்தபோது குடல்வால் ஏற்கெனவே வெடித்திருந்தது. அந்த மாதம் 31-ஆம் தேதி இறந்துபோனார். அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தது இரண்டு ஆண்டுகள் கழித்து, 1928-இல். "ஒன்னும் இல்ல, வாயுதான்" என்று சொல்லும் பிடிவாதம் நம் அப்பாமார்களுக்கு மட்டும் உரியதில்லை என்று ஹூடினியைப் பற்றிப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

சரி, சீழை எடுத்தாயிற்று. எடுத்த கையோடு மருந்தையும் உள்ளே ஊற்றிவிட்டால் கூடுதல் பாதுகாப்புத்தானே? அம்மாவின் கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது. அதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களின் முதலுதவிப் பையில் சல்பா மருந்துத் தூள் இருந்தது. காயத்தின்மேல் தூவிக்கொள்வார்கள். போர்க்கள மருத்துவர்கள் வயிற்றைத் திறந்தால் உள்ளேயும் தூவினார்கள். கண்ணுக்கெதிரே புண்ணின்மேல் மருந்து விழுவதைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி இருந்திருக்கும். ஆனால் காயத்தைச் சுத்தம் செய்து, கெட்ட சதையை வெட்டி எடுப்பதுதான் உயிரைக் காக்கிறது என்பது தெளிவானதும் தூள் தூவும் வழக்கம் கைவிடப்பட்டது.

பிறகு வந்த ஆன்டிபயோடிக்குகளையும் கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள். அப்போதுதான் ஒரு பயங்கரம் தெரியவந்தது. அறுவை மேசையில் மயக்கத்தில் இருந்தவர்களின் வயிற்றில் நியோமைசினை ஊற்றியபின் மூச்சு நின்றுபோன சம்பவங்கள் 1956-இல் மருத்துவ இதழில் வெளிவந்தன. அவ்வளவு பெரிய சவ்வு அந்த மருந்தை வேகமாக உறிஞ்சி இரத்தத்துக்குள் அனுப்பிவிட்டது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை மறிக்கும் குணம் அந்த மருந்துக்கு உண்டு. மயக்க மருந்தோடு அதுவும் சேர, மூச்சுத் தசைகள் வேலை செய்யவில்லை.

அப்பாவின் மருத்துவர் அம்மாவிடம் சொன்னதும் இதன் எளிய வடிவம்தான்: "மக்சிக், வயிற்றில் ஊற்றுவது வயிற்றிலேயே நிற்பதில்லை. அதுவும் இரத்தத்துக்குத்தான் போகும். கையில் ஏற்றும்போது எவ்வளவு போகிறது என்று எனக்குக் கணக்குத் தெரியும். வயிற்றில் ஊற்றினால் அந்தக் கணக்கு என் கையில் இல்லை. பக்சிக்கின் சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கிறது." பக்கவாட்டுக் குழாயைப் பற்றியும் சொன்னார். அது வெளியே வருவதற்கான வழி. அதன் வழியாக உள்ளே எதையாவது அனுப்பினால் வெளிக் கிருமியும் கூடவே போகலாம். தவிர, ஓரிரு நாளில் உடம்பு அந்தக் குழாயைச் சுற்றிச் சவ்வுகளை ஒட்டவைத்து மூடிவிடும். அதன் வழியே விடும் மருந்து குழாய் முனையைச் சுற்றியுள்ள சிறு இடத்தைத்தான் நனைக்கும்.

மருந்தை ஊற்றினால்தான் இந்தச் சிக்கல், மெதுவாகக் கசியும்படி வைத்துவிட்டால்? அதற்கும் ஒரு பெரிய சோதனை நடந்திருக்கிறது. ஜென்டாமைசின் ஊறிய கொலாஜன் பஞ்சு ஒன்று உண்டு. பெருங்குடல் அறுவைக்குப் பிறகு, வயிற்றுச் சுவரைத் தைத்து, தோலை மூடுவதற்கு முன் அந்தப் பஞ்சை வெட்டுக்காயத்தில் வைத்தார்கள். அமெரிக்காவில் 39 மருத்துவமனைகளில் 602 பேரிடம் செய்த ஆய்வு அது. முடிவு 2010-இல் வந்தது. பஞ்சு வைக்காதவர்களில் 20.9 விழுக்காட்டினருக்குக் காயத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டது. பஞ்சு வைத்தவர்களில் 30 விழுக்காட்டினருக்கு! நல்லது செய்யும் என்று நினைத்து வைத்த மருந்து தொற்றைக் கூட்டியிருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டியும், தையல் போடுவதற்கு முன் வெட்டுக்காயத்தை ஆன்டிபயோடிக் கரைசலால் கழுவ வேண்டாம் என்றே சொல்கிறது. கத்தி வைப்பதற்கு முன்பே இரத்தத்தில் மருந்து ஏறியிருப்பதுதான் முக்கியம் என்கிறது.

இதையெல்லாம் படித்து அம்மாவின் கேள்வி தவறு என்ற முடிவுக்கு நான் வந்துவிடவில்லை. சில இடங்களில் அதுதான் சரியான கேள்வி. எலும்பு அப்படி ஓர் இடம். செயற்கை மூட்டைப் பொருத்தும்போது ஒட்டுவதற்கு ஒரு வகைச் சிமெண்டைப் பயன்படுத்துகிறார்கள். 1970 வாக்கில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் புக்ஹோல்ஸ் என்ற மருத்துவர் அதில் ஜென்டாமைசினைக் கலந்தார். சிமெண்டு இறுகும்போது வரும் சூட்டையும் தாங்கும் மருந்து அது. மூட்டைச் சுற்றி மெல்லக் கசிந்து காவல் காக்கிறது. இன்றும் அந்த முறை வழக்கில் இருக்கிறது.

இன்னோர் இடம் வயிறேதான். அதற்கு நான் புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை. என் அத்தை வீட்டுக்குப் போனாலே போதும்.

அத்தை, அப்பாவின் தங்கை. கிள்ளானில் இருக்கிறார். இனிப்பு நீர் அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது. வாரம் மூன்று நாள் நிலையத்துக்குப் போய் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்துகொள்வதற்குப் பதிலாக, வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்துகொள்கிறார். தொப்புளுக்குப் பக்கத்தில் மென்மையான ஒரு குழாய் நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது. அதன் வழியே இரண்டு லிட்டர் சுத்தமான திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வடித்துவிட்டு அடுத்த பையை விடுவார். ஒரு நாளைக்கு நான்கு முறை. அப்பாவின் வயிற்றில் சீழ் பரவிய அதே சவ்வுதான் அத்தைக்குச் சிறுநீரகமாக வேலை செய்கிறது. இரத்தத்தில் உள்ள கழிவு அந்தச் சவ்வின் வழியே திரவத்துக்குள் இறங்குகிறது.

பை மாற்றும் நேரம் அத்தையின் அறைக்குள் யாரும் போகக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிடுவார், சன்னலைச் சாத்திவிடுவார், முகக்கவசம் போட்டுக்கொள்வார், கையை நகக்கண் வரை தேய்த்துக் கழுவுவார். பேரப்பிள்ளைகள் கதவுக்கு வெளியே காத்திருப்பார்கள். இவ்வளவும் எதற்கென்றால், குழாய் வாயில் ஒரு கிருமி ஒட்டினால் அது நேராக வயிற்றுக்குள் போய்விடும்.

ஒரு முறை போயும்விட்டது. ஒரு நாள் காலையில் வடித்த திரவம் வழக்கமான தெளிந்த மஞ்சளாக இல்லாமல், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி வந்தது. தாதியர் கற்றுக்கொடுத்தபடி அத்தை அந்தப் பையைக் கீழே கொட்டாமல் அப்படியே மருத்துவமனைக்கு எடுத்துப்போனார். சோதனைக்கு மாதிரி எடுத்ததும் செய்த முதல் வேலை, புதிய பையில் ஆன்டிபயோடிக்கைச் செலுத்தி அதை அத்தையின் வயிற்றுக்குள் விட்டதுதான். அம்மா அப்பாவுக்காகக் கேட்டதை அத்தைக்கு அப்படியே செய்தார்கள். இந்த வகைச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு வயிற்றில் தொற்று வந்து, அது இரத்தத்தில் பரவாமல் இருந்தால், மருந்தை வயிற்றுக்குள்ளேயே விடுவதுதான் உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் முதல் வழி. மருந்து கலந்த திரவம் குறைந்தது ஆறு மணி நேரமாவது உள்ளே நிற்க வேண்டும். கிருமியைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று வாரம் தொடரும்.

அண்ணனுக்குக் கூடாதது தங்கைக்கு எப்படிக் கூடுகிறது? அத்தைக்கு உள்ளே கிழிந்த குடல் இல்லை, சீழ்க்குட்டை இல்லை. கிருமி இருப்பது அந்தத் திரவத்திலும் சவ்விலும்தான். மருந்தை எல்லா மூலைக்கும் கொண்டுபோக இரண்டு லிட்டர் திரவமும், பழைய அழுக்கை வெளியே கொண்டுவரச் சரியான குழாயும் ஏற்கெனவே இருக்கின்றன. எவ்வளவு மருந்து, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் பல ஆண்டுப் பழக்கத்தில் கணக்கிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கேயும் ஓர் எல்லை உண்டு. சரியான மருந்து கொடுத்தும் ஐந்து நாளில் திரவம் தெளியாவிட்டால் பொதுவாகக் குழாயையே எடுத்துவிடச் சொல்வார்கள். கிருமி குழாயிலேயே குடியேறியிருந்தால் எந்த மருந்தும் அதை அசைக்காது. நல்ல வேளை, அத்தைக்கு மூன்றாம் நாளே தெளிந்தது. குழாய் தப்பித்தது. குழாய் போயிருந்தால் அவர் வீட்டில் இருந்தபடி வாழும் வாழ்க்கையும் போயிருக்கும்.

ஆக, அப்பாவுக்கும் அத்தைக்கும் மருந்து போன வழி வேறு. ஆனால் இருவருக்கும் மருத்துவர்கள் முதலில் பார்த்தது ஒன்றைத்தான்: அழுக்கு எங்கே இருக்கிறது, அது வெளியேறிவிட்டதா? அதற்கு விடை கிடைத்த பிறகுதான் எந்த மருந்து, எந்த வழி, எத்தனை நாள் என்பதெல்லாம்.

எத்தனை நாள் என்பதில்தான் எங்கள் வீட்டில் பெரிய குழப்பம் வந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு, கஞ்சி குடிக்கத் தொடங்கியிருந்தார். ஐந்தாம் நாள் காலையில் தாதி வந்து ஆன்டிபயோடிக் டிரிப்பைக் கழற்றிவிட்டார். இனி வேண்டாமாம். வீட்டுக்குக் கொடுத்துவிடவும் மாத்திரை இல்லையாம். அம்மா கலங்கிப்போனார். பக்கத்துக் கட்டில்காரருக்குப் பத்து நாளாக ஏறுகிறதே, நமக்கு மட்டும் ஏன் நிறுத்துகிறார்கள், அரசாங்க மருத்துவமனை என்பதால் மிச்சம் பிடிக்கிறார்களா என்று மாமா ஒருவர் வேறு தூபம் போட்டார். தனியார் மருத்துவமனைக்கு மாற்றினால் எவ்வளவு வெள்ளி ஆகும் என்று தம்பி கணக்குப் போடவே ஆரம்பித்துவிட்டான்.

நான் மருத்துவரிடம் போய்க் கேட்டேன். சீழை ஒழுங்காக வெளியேற்றியாயிற்று, அப்பாவின் உடம்பும் தேறுகிறது, மருந்தின் வேலை முடிந்துவிட்டது என்றார். இதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்படி வயிற்றில் தொற்று வந்து, அதன் மூலத்தைச் சரிசெய்த 518 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ நான்கு நாள் மட்டும் மருந்து. இன்னொரு பிரிவுக்குக் காய்ச்சலும் மற்ற அறிகுறிகளும் அடங்கி இரண்டு நாள் ஆகும் வரை, அதாவது பெரும்பாலும் எட்டு நாள் வரை. 2015-இல் முடிவு வந்தது. முதல் பிரிவில் 21.8 விழுக்காட்டினருக்கும் இரண்டாம் பிரிவில் 22.3 விழுக்காட்டினருக்கும் மீண்டும் தொற்று முதலான சிக்கல் வந்தது. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். பக்கத்துக் கட்டில்காரருடைய நோய் வேறு, அவருடைய கணக்கும் வேறு.

தேவைக்கு மேல் கொடுப்பதால் என்ன கெட்டுவிடும் என்று மாமா கேட்டார். கெடும். மருந்தில் சாகாமல் தப்பிக்கும் கிருமிகள்தான் அடுத்து பெருகுகின்றன. தேவைக்குக் குறைவான மருந்தில் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே பிளெமிங் எச்சரித்திருக்கிறார். தேவையில்லாமல் நீட்டிப்பதும் அதே இடத்துக்குத்தான் கொண்டுபோகிறது என்பதைப் பிற்கால அனுபவம் காட்டியது. நாளைக்கு அத்தையின் பை மறுபடி கலங்கினால், அப்போது வேலை செய்ய ஒரு மருந்து மிச்சம் இருக்க வேண்டும்.

அதனால்தான் நம் வீட்டுக் குளிர்பெட்டியின்மேல் இருக்கும் அந்த டப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. போன தடவை தொண்டை வலிக்குக் கொடுத்ததில் மிச்சம், அண்ணிக்குப் பல் பிடுங்கியபோது கொடுத்ததில் மிச்சம் என்று நான்கைந்து ஆன்டிபயோடிக் மாத்திரைகள் அதில் கிடக்கும். வயிற்று வலி என்றதும் அதிலிருந்து ஒன்று கைமாறும். குடல்வாலில் சீழ் கட்டிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு மாத்திரை சீழை எடுக்காது. வலியையும் காய்ச்சலையும் சற்று மறைத்து, மருத்துவமனைக்குப் போகும் நேரத்தைத் தள்ளிப்போடும். நம் நாட்டில் மருத்துவர் சீட்டில்லாமல் ஆன்டிபயோடிக் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் வீட்டு டப்பாவுக்குச் சட்டம் இல்லை. மிச்ச மாத்திரைகளை மருந்தகத்தில் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மருத்துவர் எங்களுக்குச் சொல்லி அனுப்பிய அடையாளங்கள் எளிமையானவை. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்கம் அடிவயிற்றுக்கு நகரும் வலி. இருமினால், நடந்தால், கார் மேட்டில் ஏறி இறங்கினால் கூடும் வலி. கூடவே வாந்தி, காய்ச்சல். தொட்டால் இறுகியிருக்கும் வயிறு. கடுமையாக இருந்த வலி சட்டென்று நின்றுபோய், ஆனால் ஆள் மட்டும் தெளியாமல் சோர்ந்தே இருப்பது. வயதானவர்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் இந்த அடையாளங்கள் மங்கலாகவே தெரியலாம். அதனால் அவர்கள் விஷயத்தில் இன்னும் சீக்கிரம் போகவேண்டும்.

அப்பா எட்டாம் நாள் வீடு திரும்பினார். வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நீண்ட தழும்பு. பேரனிடம் அதைப் புலி கீறியது என்று சொல்லிவைத்திருக்கிறார். அம்மா அப்படியெல்லாம் கதை விடுவதில்லை. போன மாதம் பக்கத்து வீட்டு அங்கள் வயிற்று வலி என்று இரவு முழுக்கப் புரண்டுவிட்டு, காலையில் "இப்ப பரவால்ல" என்று வாசலில் உட்கார்ந்திருந்தாராம். அம்மா அவரை விடவில்லை. "வலி எப்படி நின்னுச்சு, மெல்ல நின்னுச்சா, பட்டுனு நின்னுச்சா?" என்று கேட்டுக்கொண்டே தம்பியிடம் கார் சாவியை எடுக்கச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் பார்த்ததில் அவருக்கு உண்மையிலேயே வாயுதானாம். மதியத்துக்குள் திரும்பிவிட்டார்கள். அன்று முழுக்க அங்கள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.